கால்விரல் மடங்கும் பந்து

சிகுசாவுக்குத் திரையில் பந்தைக் கண்டால் போதும், கட்டைவிரல் சும்மா இருக்காது. நல்ல பந்தோ கெட்ட பந்தோ, பக்கத்து ஊருக்குப் போகிற பந்தோ, பொத்தானை அமுக்கி மட்டையைச் சுழற்றிவிடுவாள். வீசுகிற கட்சியில் இருப்பவன் அவள் புருஷன் குனிஹிகோ. மூன்றே வீச்சில் அவளுடைய மட்டையாளனை வெளியே அனுப்பிவிட்டு, சாவகாசமாக ஆரஞ்சுப்பழம் உரிப்பான்.

"மின்விசிறி வந்தாச்சு," என்பான். "இந்தக் குளிர்ல எதுக்கும்மா காத்து?"

காற்றை மட்டுமே அடிக்கிற ஆளை பேஸ்பால் மைதானத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாற்பத்து நான்கு வயதில் தன் வீட்டுக்குள்ளேயே அந்தப் பட்டம் வாங்கியதில் அவளுக்கு ஏக எரிச்சல்.

நாகஓகாவில் ஜனவரி வந்துவிட்டால் வெளியே போய் என்ன கிழிக்கப்போகிறோம்? கூரையிலிருந்து பனி சரிந்து சரிந்து ஜன்னல் பாதி மூடியிருக்கும். அதனால்தான் குனிஹிகோ பழைய சாமான் கடையிலிருந்து, டிவியில் செருகி ஆடும் அந்த விளையாட்டுப் பெட்டியைத் தூக்கிவந்தான். கொதாட்சுவில் கால் நீட்டிக்கொண்டு, மேலே தடித்த மெத்தைப்போர்வை, மேசைக்கு அடியில் சூடு, மேசைமேல் காரமான அரிசி பிஸ்கட்டும் வேர்க்கடலையும். ஞாயிறு மதியம் முழுக்க அப்படியே ஓடிவிடும்.

ஆட்டம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. மட்டையாளன் முன்னால் கோடு போட்ட ஒரு பெட்டி தெரியும். பெட்டிக்குள் வருகிற பந்தை அடிக்க வேண்டும், வெளியே போகிறதை விட்டுவிட வேண்டும். மூன்று முறை ஏமாந்தால் அவுட். வெளியே போகிற பந்து நான்கை அடிக்காமல் விட்டாலோ, வியர்வை சிந்தாமல் 'பேஸ்' என்கிற முதல் தளத்துக்கு நடந்தே போகலாம். வீசுகிறவன் தன் கையாலேயே கொடுத்துத் தொலைக்கிற தளம் அது. சிகுசா அப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லை. அவள் விட்டால்தானே!

மானம் போனதில் ரோஷம் வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் பொதுச் சமையற்கூடத்தில் அவளுக்கு வேலை. நான்கு மணிக்கு வீடு வந்துவிடுவாள், குனிஹிகோ வருவதற்கு ஏழாகும். அந்த இடைவெளியில் பெட்டியைப் பயிற்சிக்கு வைத்தாள். இயந்திரம் வீசும், அவள் பார்ப்பாள். முதலில் பொத்தானைத் தொடவே இல்லை, கைகளைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு பந்தை மட்டும் பார்த்தாள். சோறு வெந்ததா வெந்ததா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கும் புதுப் பெண்களைச் சமையற்கூடத்தில் எத்தனை திட்டியிருக்கிறாள். தன் கட்டைவிரலும் அதே புத்தியில்தான் இருக்கிறது என்று இப்போது புரிந்தது.

பொறுத்துப் பார்த்தால் பந்து தானாகவே தன்னைக் காட்டிக்கொடுத்தது. மெதுவாக வளைகிற பந்து கையைவிட்டதும் ஒரு துள்ளு மேலே துள்ளும். பக்கவாட்டில் நழுவுகிற பந்து நடுவில் கிளம்பினால் வெளியேதான் போய் முடியும், இடுப்பில் இடிக்க வருவதுபோல் கிளம்பினால்தான் பெட்டிக்குள் வரும். நேர்ப்பந்து நேர்ப்பந்துதான். பாதி தூரம் வரும்வரை விரலைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும், அதற்குள் எல்லாம் தெரிந்துவிடும்.

எல்லாம் என்றால், ஃபோர்க் என்கிற அந்தச் சனியனைத் தவிர. நேர்ப்பந்து மாதிரியே கிளம்பும், நேர்ப்பந்து மாதிரியே வரும். நல்ல பிள்ளை மாதிரி பெட்டிக்கு நேரே வந்து, மட்டை சுழன்ற பிறகு தொபுக்கென்று காலடியில் விழும். அதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? சிகுசா எத்தனையோ மாலைகள் கண் எரிய உட்கார்ந்து பார்த்தும் வழி பிடிபடவில்லை. குனிஹிகோவோ இக்கட்டான நேரத்தில் அதைத்தான் வீசுவான்.

வழி காட்டியது அவள் காலின் குளிர்ச்சிதான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். கொதாட்சுவுக்குள் கால் நீட்டியதும் தன் ஐஸ்கட்டிப் பாதத்தைக் கொண்டுபோய் அவன் பாதத்தின் மேல் வைத்துவிடுவாள்.

"ஐயோ! உயிரோடதான் இருக்கியா? பிணம் மாதிரி இருக்கு உன் காலு!" என்று ஒவ்வொரு தடவையும் கத்துவான். ஆனால் காலை இழுத்துக்கொள்ள மாட்டான்.

பிப்ரவரி ஆரம்பத்தில் ஒரு ஞாயிறு. அவள் ஆள் மட்டையோடு நிற்க, குனிஹிகோ வீசத் தயாராகிறான். சிகுசாவின் பாதத்துக்கு அடியில் அவன் கால்விரல்கள் லேசாக மடங்கின. பந்து வந்தது, தொபுக். ஃபோர்க். அடுத்த பந்துக்கு விரல்கள் அசையவில்லை, நேர்ப்பந்து வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மடங்கின, மறுபடி தொபுக். சும்மா நீட்டிக்கிடக்கும் காலா இப்படிக் காட்டிக்கொடுக்கிறது!

அதற்கப்புறம் என்ன, திருவிழாதான். விரல் மடங்கினால் அவள் மட்டையை அசைக்கவே மாட்டாள். மடங்காவிட்டால் விளாசுவாள். வாழ்க்கையில் முதல்முறையாக நடந்தே முதல் தளத்துக்குப் போனாள். குனிஹிகோ பாதி உரித்த ஆரஞ்சோடு முழித்த முழி இருக்கிறதே!

"நீ என் கையைப் பாக்குற," என்றான்.

"யாரு பாத்தா? என் கண்ணு டிவியிலதான இருக்கு."

மறு ஞாயிறு அவன் கையைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டு வீசினான். அப்படியும் அடித்தாள். பொத்தான் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறாள் என்று டிவி சத்தத்தைக் கூட்டினான், பக்கத்து வீட்டுக் கொபயாஷி அம்மா சுவரைத் தட்டினாளே தவிர வேறு பலன் இல்லை. கழுத்துவரை திண்டு வைத்து மறைத்துக்கொண்டு வீசிப் பார்த்தான். எதுவும் பலிக்கவில்லை.

"சொல்லிடு. யாரு சொல்லித் தர்றா உனக்கு?"

"சமையற்கூடத்துல இருக்கிற பெரிய அண்டா."

"விளையாடாத. சாயந்திரம் யாராவது வர்றாங்களா இங்க?"

"ஆமா, தினமும் ஒரு சாம்பியன் வர்றான். ஷூவைக் கையில எடுத்துக்கிட்டுப் பின்பக்கமாப் போயிடுவான். போப்பா, வேலையைப் பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவன் கண்ணில் நிஜமாகவே சந்தேகம் இருந்தது, அது அவளுக்கு ருசித்தது. மின்விசிறி என்றாய் அல்லவா, அனுபவி!

ருசி கசந்தது ஒரு புட்டிங்கில். ஃப்ரிட்ஜில் தனக்கென்று வைத்திருந்ததைக் காணோம். கொதாட்சுவில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"என் புட்டிங்கை நீ சாப்பிட்டியா?"

"நானா? சேச்சே."

அவள் பாதத்துக்கு அடியில் விரல்கள் மடங்கின. சிகுசா போர்வையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும்தான் உறைத்தது. அப்படியானால் இது ஃபோர்க்குக்கு மட்டும் மடங்குகிற விரல் இல்லையே.

அதோடு விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை. போகிறபோக்கில் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். வெட்டிய முடி நன்றாக இருக்கிறதா? நன்றாக இருக்கிறது என்றான், விரல் அசையவில்லை. மனசு குளிர்ந்தது. அலுவலகப் பார்ட்டி எப்படி இருந்தது? "ஜாலியா இருந்துச்சு," என்றான், விரல்கள் சுருட்டிக்கொண்டன. பார்ட்டியில் பொய் சொல்ல என்ன இருக்கிறது? கூட யார் இருந்தார்கள்? கேள்வி தொண்டைவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அவன் சட்டையைத் துவைக்கப் போடும்போது ஒருதரம் முகர்ந்து பார்க்கத் தொடங்கினாள். பீர் வாடைதான் அடித்தது. தன்னை நினைத்துத் தனக்கே அசிங்கமாக இருந்தது.

மார்ச் முதல் வாரம், ஒரு புதன்கிழமை, குனிஹிகோ வாசலில் நின்று மேலங்கியிலிருந்து பனியை உதறினான். ஷூவைக் கழற்றிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமலே சொன்னான்.

"குஷிரோவுக்கு மாத்திட்டாங்க. ஏப்ரல்லேருந்து. மேலிடத்து உத்தரவு. என் கையில என்ன இருக்கு சொல்லு."

மீன் கிடங்குகளுக்குக் குளிர்பதன இயந்திரம் விற்கிற கம்பெனி அது. குஷிரோவில் கிளை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வடக்கே, உலகத்தின் அந்தக் கோடி. அன்று காலைதான் சமையற்கூடத்துத் தலைவி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தற்காலிகமாகவே இத்தனை வருஷம் ஓட்டியது போதும், ஏப்ரலிலிருந்து உன்னை நிரந்தரமாக்குகிறோம், திங்கட்கிழமை பதில் சொல் என்றிருந்தாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லத்தான் வாசலில் காத்திருந்தாள்.

"அப்படியா," என்று மட்டும் சொன்னாள்.

ஒகயாமாவிலிருந்து இந்தப் பனிக்காட்டுக்கு வந்ததும் இப்படித்தான். அங்கே மழலையர் பள்ளியில் பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டு அழ அழ வேலையை விட்டுவிட்டு வந்தாள். உத்தரவு என்றால் உத்தரவு. யாரும் மறுப்பதில்லை, ஏன் என்று கேட்பதும் இல்லை. பெண்டாட்டி மூட்டை கட்டுவாள், இல்லையென்றால் புருஷன் மட்டும் தனியாகப் போய்ச் சோறு பொங்கித் தின்பான். உத்தரவாக இருந்தால் இந்த முறையும் அவள் போவாள், நிரந்தர வேலையைத் தலைமுழுகிவிட்டுப் போவாள். அதை மனசுக்குள் அன்றே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலை ஷூ அலமாரியைத் திறந்தபோதுதான் இடித்தது. அடித்தட்டில் ஒரு ஜோடி புது ஷூ, அடிப்பாகம் முழுக்கப் பனிக்கட்டியைக் கவ்வும் உலோகப் பற்கள். நாகஓகாவில் விழுவது ஈரப்பனி. தெருவெல்லாம் குழாய் பதித்துத் தண்ணீர் பீய்ச்சிக் கரைக்கிறார்கள், இங்கே எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ்தான். பல் வைத்த ஷூவை எந்த மடையன் வாங்குவான்? பனிக்கட்டி கண்ணாடி மாதிரி இறுகிக்கிடக்கும் ஊருக்குப் போகிறவன் வாங்குவான். அவன் அதை வாங்கிவந்தது பிப்ரவரியில், தள்ளுபடி என்று சொல்லிக்கொண்டு. உத்தரவு வந்ததோ நேற்று.

சிகுசா அந்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இவனாகக் கேட்டு வாங்கிய மாற்றலா? ஏன்? யாருக்காக? அங்கே யார் இருக்கிறார்கள்? அவனாகக் கேட்டிருந்தால், எனக்குத் தெரியாமல் கேட்டுவிட்டு உத்தரவு என்று என் காதில் பூ சுற்றினால், நான் எதற்கு வேலையை விட வேண்டும்?

அந்த வாரம் முழுக்க அவன் தாமதமாக வந்து, சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். கொதாட்சு பக்கமே வரவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. ஞாயிறு மதியம் அவளே விளையாட்டுப் பெட்டியை எடுத்து வைத்தாள்.

"ஒரு ஆட்டம் போடலாமா?"

"சாமான் கட்டணுமே."

"கட்டலாம். பயமா இருக்கா, மின்விசிறியைப் பாத்து?"

வந்து உட்கார்ந்தான். அவள் பாதத்தைக் கொண்டுபோய் அவன் பாதத்தின் மேல் வைத்தாள்.

"பிணம்," என்றான். வழக்கமான கத்தல் இல்லை.

முதல் இன்னிங்ஸ் போகட்டும் என்று விட்டாள். இரண்டாவதில், அவன் ஆரஞ்சு எடுக்கக் கை நீட்டிய நேரம், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"குனி, குஷிரோவுக்கு அவங்களாவா அனுப்புறாங்க?"

"ஆமா. அதான் சொன்னேனே."

விரல்கள் மடங்கின.

பழைய சிகுசாவாக இருந்தால் அந்த நிமிஷமே மட்டையைச் சுழற்றியிருப்பாள். பொய் சொல்றே என்று கத்தியிருப்பாள், அவன் என்னை நம்பலையா என்று எகிறியிருப்பான், சண்டை வேறெங்கோ போயிருக்கும், விஷயம் நழுவியிருக்கும். கட்டைவிரலைத் தூக்கியே வைத்திருப்பதுபோல் நாக்கைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அவள் பேசாமலிருப்பது அவனுக்குத் தாங்கவில்லை.

"வேற யாரும் முன்வரலையாம். கடைசியில என் தலையில கட்டிட்டாங்க."

மடங்கின. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன்னு சொன்னா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க? அப்புறம் இங்க தலை நிமிர்ந்து இருக்க முடியுமா?"

இன்னும் இறுக்கமாக மடங்கின. அவள் ஒரு வேர்க்கடலையை வாயில் போட்டு மென்றாள். வெளியே கூரையிலிருந்து பனி பொத்தென்று விழுந்தது.

"அங்க நண்டு ரொம்ப நல்லா இருக்குமாம். உனக்குப் பிடிக்குமேன்னு நினைச்சேன்."

பாவம், நண்டு வரைக்கும் போய்விட்டான். அதற்கும் விரல்கள் சுருண்டன. சிகுசாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குனிஹிகோ கையிலிருந்த ஆரஞ்சை மேசைமேல் வைத்தான். திரையில் வீச்சாளன் பந்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தான்.

"நான்தான் கேட்டு வாங்கினேன்," என்றான்.

விரல்கள் தளர்ந்து கிடந்தன.

"யாரு அவ?"

"எவ? ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல சிகு." விரல் அசையவே இல்லை. "ஹொன்மாவைத் தெரியும்ல? நான் வேலை கத்துக்கொடுத்த பையன். போன இலையுதிர் காலத்துல அவனைப் பிரிவுத் தலைவன் ஆக்கிட்டாங்க. எனக்கு மேல. லீவு வேணும்னா அவன் முன்னாடி போய் நிக்கணும். பார்ட்டியில அவன் கிளாஸ் காலியானா நான் ஓடிப்போய் பீர் ஊத்தணும். அவன் வேற ரொம்ப மரியாதையா, வேணாம் சார், வேணாம் சார்ங்கிறான். அது இன்னும் கேவலமா இருக்கு."

சிகுசாவுக்கு நெஞ்சு உருகிப்போனது. முகர்ந்து பார்த்த சட்டையெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை மாதமாக இதை விழுங்கிக்கொண்டா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்?

"இதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, பாவம், உண்மையைச் சொன்னான்.

"சொன்னா நீ வரலாமா வேண்டாமான்னு யோசிப்ப. உத்தரவுன்னு சொன்னா யோசிக்காம வந்துடுவ. போன தடவை வந்த மாதிரி."

அவள் பாதத்துக்கு அடியில் ஐந்து விரல்களும் குழந்தையின் விரல்கள்போல் மெத்தென்று கிடந்தன. பொய்யாக இருந்திருக்கலாம் என்று அவள் அந்த நொடியில் எவ்வளவு ஆசைப்பட்டாள்! உருகின நெஞ்சு அப்படியே உறைந்தது. ஒகயாமாவின் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். பேசாமல் வந்ததற்கு இவன் கொடுத்த விலை இதுதானா, இனிமேலும் பேசாமல் வருவாள் என்கிற தைரியம்?

"கேட்டிருந்தா வந்திருப்பேன், குனி," என்றாள். "ஒரே ஒரு தடவை, வர்றியான்னு கேட்டிருந்தா."

"இப்ப கேக்குறேன். வர்றியா?"

அவன் பாதம் அவள் பாதத்தின் கீழ் வெதுவெதுப்பாக இருந்தது. நேர்ப்பந்து, பெட்டியின் நட்டநடுவில். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"நீ போ. எனக்கு வேலையை நிரந்தரமாக்குறாங்க. நாளைக்குச் சரின்னு சொல்லப்போறேன்."

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றான். அவள் சொல்லவில்லை. ஆரஞ்சுத் தோலையெல்லாம் கூட்டியெடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

மார்ச் கடைசியில் அவன் பல் வைத்த ஷூவோடு குஷிரோவுக்குப் போனான். அங்கேயும் அதே மாதிரி ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டான். ஏப்ரல் கடைசி ஞாயிறு மதியம், இரண்டு ஊரிலும் இரண்டு டிவியைப் போட்டு இணையத்தில் இணைத்துக்கொண்டு, காதில் போனை மாட்டிக்கொண்டு விளையாடினார்கள். நாகஓகாவில் பனியெல்லாம் கரைந்து செர்ரிப்பூவும் உதிர்ந்தாயிற்று. அண்டை அயலில் எல்லாரும் மெத்தைப்போர்வையைத் துவைத்து மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். சிகுசா மட்டும் இன்னும் எடுத்து வைக்கவில்லை.

ஃபோர்க் வந்தது. சுழற்றினாள், காற்று. மறுபடி வந்தது, மறுபடி காற்று. கண்ணை எவ்வளவு இடுக்கிப் பார்த்தும் நேர்ப்பந்து எது, அது எது என்று பிடிபடவில்லை.

"மின்விசிறி திரும்ப வந்தாச்சு!" போனில் குனிஹிகோ குதித்தான். "என்னம்மா ஆச்சு? சொல்லிக்கொடுத்த சாம்பியன் ஓடிட்டானா?"

"ஆமா. குஷிரோவுக்குப் போயிட்டான்."

அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்தான். சிரித்து முடித்ததும் அவன் அறையில் கெட்டில் கொதிப்பது கேட்டது.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"ம். முட்டையெல்லாம் போட்டு ஒழுங்காத்தான் செஞ்சேன்."

நிஜமா பொய்யா, அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. முட்டை போட்டுத்தான் செய்திருப்பான் என்று நம்பிவைத்தாள்.

"நீ எப்படி இருக்க?" என்றான் அவன். "தனியா இருக்கிறது கஷ்டமா இல்லையே?"

"எனக்கென்ன? ஜாலியா இருக்கேன்."

சொல்லி வாய் மூடவில்லை. போர்வைக்கு அடியில், தொட யாருமில்லாத இடத்தில் நீட்டிக்கிடந்த அவள் கால்விரல்கள் இறுக மடங்கியிருந்தன.